கெசையா ஹாபின் ஒரே மாலையில் இரண்டு முறை செத்த கதை

கெசையா ஹாபினைப் பற்றி எங்கள் யார்மத் துறைமுகத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவள் லண்டனில் நடித்தவள் என்கிறான் ஒருவன். அவள் லண்டனுக்குப் போனது உண்மை. ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள், அவ்வளவுதான். யாரோ ஒரு பிரபுவுக்கு ரகசியமாகப் பிறந்தவள் என்கிறாள் இன்னொருத்தி. அவளுடைய அப்பா நாரிச் சந்தையில் வாத்து விற்றவர். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, அவர் கத்தினால் அடுத்த தெரு வரை கேட்கும். என் பெயர் டோர்கஸ். கிரிம்வுட் நாடகக் கம்பெனியில் உடுப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவள். ராணிக்கும் பிச்சைக்காரிக்கும் ஒரே ஊசியால் தைத்தவள். அளவெடுக்கும்போது யார் வயிற்றை எக்கிக்கொள்வார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அதனால் மற்றவர்களை விட்டுவிட்டு என்னைக் கேளுங்கள்.

கெசையா எங்கள் கம்பெனிக்கு நடிக்க வரவில்லை. நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு ஆரஞ்சு விற்க வந்தாள். ஒரு மாலை, வேலைக்காரி வேஷம் போடுகிறவளுக்குக் கன்னம் வீங்கி வாய் திறக்கவில்லை. முதலாளி கிரிம்வுட் சுற்றுமுற்றும் பார்த்து, கைக்கு எட்டியவளைப் பிடித்து, இடுப்பில் ஒரு ஏப்ரனைக் கட்டி மேடைக்குத் தள்ளினார். கையில் இருந்த கூடையை வாங்க அவருக்குத் தோன்றவில்லை. மேடையில் கதாநாயகன் மண்டியிட்டுக் காதலிக்கு உயிரையே தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கெசையா நேரே அவனிடம் போய், "ஐயா, ஆரஞ்சு?" என்றாள்.

பழக்கதோஷம். ஆனால் கூட்டத்தில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் கதாநாயகனுக்கு முழங்கால் மரத்துப்போய்விட்டது. அன்றிலிருந்து வேலைக்காரி வேஷம் எல்லாம் கெசையாவுக்கு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேஷத்தை ஒருவர் ஏற்றுவிட்டால் அது அவருடைய சொத்து. முதலாளியே நினைத்தாலும் பிடுங்க முடியாது. ஆள் சாக வேண்டும், அல்லது கம்பெனியை விட்டு ஓட வேண்டும். அதனால்தான் எங்கள் கம்பெனியின் பதினாறு வயதுப் பேதைப் பெண்ணுக்குப் பேரன் இருந்தான். இளவரசர் வேஷக்காரரை மாடத்தில் ஏற்ற இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினோம். சனங்கள் முணுமுணுத்ததே இல்லை. வேறொருவர் வந்தால்தான் கூச்சல் போடுவார்கள்.

அப்படி, சாகிற ராணிகள் அத்தனை பேரும் முதலாளியின் மனைவி லாவினியா அம்மாவின் சொத்து. இருபத்தாறு வருஷமாக மேடையில் அவர் செத்தார், கெசையா கதவு திறந்தாள்.

சோக நாடகத்தில் கடைசிக் காட்சிக்கு முன்னால் இரண்டு ஆட்கள் வந்து ஒரு பச்சைக் கம்பளத்தை விரிப்பார்கள். மேடைப் பலகையில் மெழுகும் ஆரஞ்சுத் தோலும் எச்சிலும் கிடக்கும். சாகிறவர்கள் அதில் விழுந்தால் வெல்வெட் என்னத்துக்கு ஆகும்? கம்பளத்தைப் பார்த்ததுமே சனங்களுக்குத் தெரிந்துவிடும், யாரோ போகப் போகிறார்கள் என்று. பேச்சு நிற்கும். கைக்குட்டைகள் வெளியே வரும். லாவினியா அம்மா அந்தக் கம்பளத்தில் விஷத்தால் செத்திருக்கிறார், கத்தியால் செத்திருக்கிறார், ஒன்றும் கிடைக்காதபோது வெறும் மனவேதனையால்கூடச் செத்திருக்கிறார். கெசையா அதில் கால் வைத்ததே இல்லை. கம்பளம் வருவதற்குள் வேலைக்காரிகளின் வேலை முடிந்துவிடும்.

"எனக்கு ஒரே ஒரு தடவை சாகணும்டி, டோர்கஸ்" என்பாள், நான் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து.

"எல்லாருமே ஒரு தடவைதான் சாவாங்க. பொறுமையா இரு."

"அந்தச் சாவைச் சொல்லலடி. ஊரு பார்க்கச் சாகணும். மாடியில உக்கார்ற மீன்காரிங்க எல்லாம் என்னை நெனச்சு மூக்கைச் சிந்தணும்."

"உன்னைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு அவளுகளுக்கு வயித்த வலிக்குது. அது போதாதா உனக்கு?"

"சிரிப்பு வீட்டுக்குப் போற வழியிலயே ஆறிடுதுடி. அழுகை அடுப்படி வரைக்கும் கூடப் போகும்."

இவளுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மேடையில் இரண்டு பேர் ஒரே தோலுக்குள் புகுந்து ஆடும் எங்கள் கம்பெனிக் குதிரைக்கு, புருஷன்தான் பின்னங்கால்கள். பக்கத்து ஊரில் வேறொரு கம்பெனிக்காரன் முன்னங்கால் தருகிறேன் என்றான். மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். கெசையா ஒரு நாள் அழுதாள். மறுநாள், "பாவம், பத்து வருஷமா இருட்டுல குனிஞ்சே இருந்தவரு. வெளிச்சத்தைப் பார்க்கணும்னு தோணாதா?" என்றாள். அதற்குப் பிறகு அவளுடைய சாவு ஆசை இன்னும் கூடிப்போனது.

சும்மா ஆசைப்படுகிறவளாக இருந்தால் பரவாயில்லை. ஒத்திகை பார்த்தாள். தங்கியிருந்த வீட்டு மாடிப்படியில் செத்ததில் வீட்டுக்காரி ஒரு பானை பட்டாணிக் கஞ்சியைக் கீழே போட்டாள். ஹெரிங் மீனைப் புகை போடும் கொட்டகை வாசலில் செத்தபோது, யாரோ ஓடிப்போய், ஊருக்கு வைத்தியமும் பார்க்கிற நாவிதரைக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் கத்தியை எடுத்துக் கைநரம்பைக் கீறிக் கிண்ணம் நிறைய ரத்தம் எடுத்தார். இவள் மூச்சு விடவில்லை.

"சொல்லித் தொலைக்கக் கூடாதா, நடிப்புன்னு?" என்றேன், கட்டுப் போட்டுக்கொண்டே.

"செத்தவ எப்படிடி பேசுவா?"

தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்ய?

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு மாலை ஒவ்வொருவருக்கும் சொந்தம். அன்றைக்கு எந்த நாடகம் என்பதை அவரே சொல்லலாம், எந்த வேஷம் வேண்டுமானாலும் எடுக்கலாம், மற்றவர்கள் சொத்து பத்து என்று வாயைத் திறக்கக் கூடாது. சீட்டையும் அவரேதான் வீடு வீடாகப் போய் விற்க வேண்டும். மற்ற வருஷங்களில் கெசையா தன் சொந்த மாலைக்கு இரண்டு வேலைக்காரிகள் உள்ள நாடகமாகப் பார்த்து இரண்டையும் தானே செய்வாள். அந்த வருஷம் அவள் வந்தபோது நான் முதலாளிக்குக் காலுறைக்குள் பஞ்சு வைத்துக் கெண்டைக்கால் செய்துகொண்டிருந்தேன். அவருடைய சொந்தக் கால்கள் ராஜபார்ட்டுக்குப் போதாது.

"இந்த வருஷம் என்ன நாடகம் கெசையா?" என்றார் கிரிம்வுட்.

"ராணி அமால்தா, ஐயா."

"நல்ல நாடகம். ஆனா அதுல வேலைக்காரிக்குப் பேச்சே இல்லையே."

"வேலைக்காரி வேணாம் ஐயா. அமால்தா."

கிரிம்வுட் துள்ளிய துள்ளலில் ஒரு கெண்டைக்கால் முன்பக்கம் வந்துவிட்டது.

"உனக்கென்ன பித்தா? சனங்க சிரிப்பாங்கடி! நீ வாயைத் தொறந்தா சிரிப்பாங்க. மூடினா, ஏன் மூடினேன்னு சிரிப்பாங்க. இதுல விஷத்தை வேற குடிக்கப் போறியா?"

"ஒரே ஒரு தடவை ஐயா. என் சொந்த மாலைதானே."

அதற்குள் லாவினியா அம்மா கதவருகே வந்து நின்றிருந்தார். இவருக்கு மட்டும் எப்போதும் யாராவது கதவைத் திறந்து வைத்திருப்பார்கள்; எப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

"என் அமால்தாவா?" என்றார். பிறகு சிரித்தார். "போகட்டும் விடுங்க. வழக்கத்தை நாமளே மீறலாமா? அவ ராணியா வரட்டும். நான் அவளுக்கு வேலைக்காரியா வர்றேன்."

அந்தச் சிரிப்பை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மறுவாரமே ஒரு பாடகி மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாள்.

லாவினியா அம்மா நெட்டை, கெசையா குட்டை. அவர் கொடி, இவள் பூசணி. ராணியின் கறுப்பு வெல்வெட்டைக் கீழே வெட்டி, வெட்டியதைப் பக்கவாட்டில் வைத்துத் தைத்தேன். அப்படியும் போதாமல் மேடைத் திரையின் ஓரத்தைக் கொஞ்சம் கடன் வாங்கினேன். திரும்பக் கொடுக்கவில்லை.

சாகிற நாள் தெரிந்தால் வாழ்கிற நாள் நரகம் என்பார்கள். கெசையா தான் சாகும் நாளை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டு, சீட்டுக் கட்டோடு சந்தோஷமாகத் தெருவில் சுற்றினாள். நானும் கூடப் போனேன்.

"இந்தத் தடவை என்ன தமாஷ், கெசையா?" என்றாள் மீன்காரி ஹெப்சி. மாடி வரிசையின் நடுவில் உட்கார்ந்து, எந்த நாடகமாக இருந்தாலும் முதலில் கத்துகிறவள் அவள்தான். அவள் சிரித்தால் மாடி சிரிக்கும்.

"தமாஷ் இல்ல ஹெப்சி. விஷம் குடிச்சு சாகப் போறேன்."

"ஐயோ, போதும்டி! நின்னுக்கிட்டே சிரிக்க முடியல! எங்க தெருவுக்கே சீட்டு குடு!"

எல்லா வாசலிலும் இதே கதைதான். சீட்டு தீர்ந்தது. நான் கண்ட எந்தச் சாவுக்கும் அவ்வளவு கூட்டம் அவ்வளவு சிரித்த முகத்தோடு வந்ததில்லை.

திரை விலகியதும் கெசையா வெல்வெட்டில், கிரீடத்தில், தலையில் மூன்று தீக்கோழி இறகோடு வந்து நின்றாள். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மாடியிலிருந்து ஒரு குரல்: "கெசையா! எஜமானியம்மா வர்றதுக்குள்ள உடுப்பைக் கழட்டி வச்சிடுடி!"

அரங்கமே குலுங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பேச்சைப் பேசினாள். பேச்சு மனப்பாடம், பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே ஏறியது. லாவினியா அம்மா ஏப்ரன் கட்டிக்கொண்டு, அந்த ஏப்ரனே ஒரு ராஜ்யம் என்பதுபோலப் பின்னால் நின்றார். முதல் இரண்டு அங்கம் எப்படியோ போனது. சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போய் அடங்கியது. சரி, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் அங்கத்தில் கொடுங்கோல் அரசனாகக் கிரிம்வுட் கதவைத் தட்டினார். வேலைக்காரி போய்த் திறக்க வேண்டும். லாவினியா அம்மா நகரவில்லை. இது வஞ்சமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவருக்குத் தோன்றவே இல்லை. தட்டினால் யாராவது திறப்பார்கள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கம்பீரமாகக் காத்திருந்தார். கிரிம்வுட் இன்னொரு தடவை தட்டினார். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, "லாவினியா! கதவு!" என்று பல்லுக்கிடையில் சொன்னது கடைசி பெஞ்சு வரை கேட்டது.

லாவினியா அம்மா அசையவில்லை. கெசையாவின் கால்கள் அசைந்தன. ராணி அமால்தா குடுகுடுவென்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். முழங்காலை மடக்கி வணக்கம் வைத்தாள். தன் குடும்பத்தைக் கருவறுக்க வந்த கொடுங்கோலனின் தொப்பியை வாங்கி, தூசி தட்டி, ஆணியில் மாட்டினாள்.

மாடியில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். பிடில் வாசிக்கிறவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியை மாட்டிய பிறகுதான் கெசையாவுக்கே தான் செய்தது தெரிந்தது. அவள் முகம் போன போக்கை நான் பக்கத் திரை ஓரத்திலிருந்து பார்த்தேன். அந்தச் சனங்களை அப்போது நான் வெறுத்தேன். அவளையும் வெறுத்தேன், எதற்கு இந்த வேண்டாத வேலை என்று.

அங்கம் முடிந்து உள்ளே வந்தவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"போதும்டி" என்றேன். "தலைவலின்னு சொல்லிடலாம். கடைசியில போடுற சின்னக் கேலி நாடகத்தை இப்பவே போட்டுடட்டும். அதுல நீ வேலைக்காரி. எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க."

"கம்பளத்தை விரிக்கச் சொல்லு" என்றாள் கெசையா.

விரித்தார்கள். அதில் கால் வைப்பதற்கு முன் அவள் செருப்பின் அடியைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கோப்பையை எடுத்துக் குடித்தாள். லாவினியா அம்மா எப்படிச் சாவாரோ அப்படியே செத்தாள்: வலது கை மேலே, இடது கை நெற்றியில், மேடையைச் சுற்றி மூன்று சுற்று, ஒரு கேவல், ஒரு தள்ளாட்டம், அப்புறம் தொபேல். அந்தத் தொபேலில் முன்வரிசை மெழுகுவர்த்தி இரண்டு அணைந்தன. ஆனால், நம்புங்கள், சத்தம் அடங்கியது. நிஜமாகவே அடங்கியது. கம்பளத்தின் வேலையோ என்னவோ. இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் அழுதிருப்பார்கள்.

கெசையாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து மாடியைப் பார்த்தாள்.

"ஏய்! பொணம் பார்க்குது!" என்று கத்தினாள் ஹெப்சி.

அப்புறம் கேட்கவா வேண்டும்? "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். எங்கள் ஊரில் சனங்களுக்குப் பிடித்துவிட்டால் பாட்டானாலும் சண்டையானாலும் சாவானாலும் திரும்பச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் முதலில் ஆரஞ்சுத் தோல் வரும், பிறகு பெஞ்சே வரும். கெசையா எழுந்து உட்கார்ந்தாள். கிரீடத்தைச் சரி செய்தாள். நேரே மேடையின் விளிம்புக்கு வந்தாள்.

"ஏன்டி சிரிச்சே, ஹெப்சி?"

"நீ ஏன்டி பார்த்தே?"

"நீ அழறியான்னு பார்த்தேன்."

கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஹெப்சி சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"அழத்தான் போனேன். ஏப்ரனைக்கூடக் கையில எடுத்துட்டேன். நீதான் கெடுத்தே! செத்தவ வேவு பார்ப்பாளாடி? எங்க வீட்டு மனுஷன் போன பனிக்காலத்துல கடலோட போனாரு. நான் அழறேனான்னு திரும்பிப் பார்த்தாரா?"

பெஞ்சைத் தட்டிய கைகள் நின்றன. மாடியில் பாதிப் பேர் கடலுக்கு ஆள் கொடுத்தவர்கள்தான். கெசையா ஹெப்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நியாயம்தான்" என்றாள். "இந்தத் தடவை பார்க்கல."

திரும்பி என் பக்கம் வந்து, காற்றோடு காற்றாக, "நீ பார்த்து வச்சுக்கோடி. யாரு யாரு அழறாங்கன்னு எனக்குச் சொல்லணும்" என்றாள். நான் தலையாட்டினேன். அங்கிருந்து கூட்டம் முழுவதும் தெரியும்.

மறுபடி கோப்பையை எடுத்தாள். இந்தத் தடவை கை மேலே போகவில்லை, சுற்றவும் இல்லை. குடித்துவிட்டுக் கோப்பையைத் தன் ஏப்ரனில் துடைக்கப் போனாள், ஏப்ரன் இல்லை, வெல்வெட்டில் துடைத்து, கவிழ்ந்துவிடாமல் ஓரமாக வைத்தாள். கம்பளத்தில் உட்கார்ந்தாள். தலையில் கிரீடம் உறுத்தியிருக்க வேண்டும். அதைக் கழற்றி யாரையும் பார்க்காமல் நீட்டினாள். லாவினியா அம்மா, வாழ்க்கையில் யாருக்கும் எதையும் வாங்கி வைக்காதவர், பக்கத் திரையிலிருந்து ஓடி வந்து இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். கடைசிப் பேச்சை, நாளைக்கு என்ன சமைப்பது என்று சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னாள். பிள்ளைகளைக் குளிரில் விடாதே என்று ஒரு வரி வரும். லாவினியா அம்மா அதைக் கூரை அதிரச் சொல்லுவார். இவள் சொன்னது பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் சொன்னது மாதிரி இருந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். காலை முதல் உழைத்தவள் படுப்பதைப்போலப் படுத்தாள்.

அதன்பின் கிரிம்வுட் மனம் திருந்திய அரசனாக நின்று ஒரு நீளமான புலம்பல் பேச வேண்டும். பேசினாரா, மறந்தாரா, எனக்குத் தெரியாது. காவலர்கள் இரண்டு பேர் வந்து, முக்கி முனகி அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து, என் துணிக்கூடை மேல் கிடத்தினார்கள். திரை விழுந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கெசையா. முடிஞ்சுது. எழுந்திரு."

"அழுதாங்களா?" என்றாள், கண்ணை மூடியபடியே.

"ஏன், உனக்குக் கேக்கலையா?"

"மூக்குச் சிந்தற சத்தம் கேட்டுது. குளிரு காலம்டி, ஊரே சளி பிடிச்சுக் கிடக்குது. அதை வச்சு நான் என்னன்னு நம்புறது? ஹெப்சி அழுதாளா, அதைச் சொல்லு."

"தெரியாது."

"கீழ் பெஞ்சுல?"

"தெரியாதுன்னேன்ல."

"உன்னை எதுக்குடி அங்க நிக்க வச்சேன்? ஆயுசுக்கு ஒரு தடவை! ஒரே ஒரு தடவை ஒழுங்கா செத்தேன்! எனக்காகக் கொஞ்சம் பார்த்து வைக்கக் கூடாதா நீ?"

நான் மேடையில் நடப்பதைப் பார்த்து அழுகிற ரகமில்லை. ராணி சாகும்போது எந்தக் கொக்கி தெறிக்கும், எந்தத் தையல் விடும் என்று பார்ப்பதுதான் என் வேலை. அன்றைக்கு எந்தத் தையல் விட்டது என்றுகூட எனக்குத் தெரியாது.

"எப்படிடி பார்க்கிறது?" என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை. "கண்ணு மறைச்சிருச்சு. ஒண்ணுமே தெரியல."

அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்க ஆரம்பித்தவள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கைத் துடைக்கப் போன என் கையைப் பிடித்து, "இரு, துடைக்காதே" என்றாள்.

கேலி நாடகத்துக்கு மணி அடித்தார்கள். கிரிம்வுட் உள்ளே எட்டிப் பார்த்து, வேலைக்காரி எங்கே என்று கத்தினார். கெசையா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.